முகப்புச் சுவரில் அப்பாவின் கல்

ஏணியின் கடைசிக்கு முந்தின படியில் நின்றுகொண்டு, என் அப்பாவின் பெயருக்குப் பின்னால் ஒரு விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். பெயர் அசைந்தது.

இரண்டடிக்கு ஒன்றரை அடி கறுப்புக் கிரானைட் கல் அது. 'தண்ணீர் உபயம்: சோணைமுத்து' என்று வெட்டி, எழுத்துகளில் மஞ்சள் பெயிண்ட் அடைத்திருக்கும். நான் படித்த பள்ளிக்கூடத்தின் முகப்பில், வாசல் வளைவுக்கு நேர் மேலே, தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில் இருந்தது. விழப்போகிற பால்பல்லைப் போல அது ஆடியது.

குனிந்து கீழே பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையின் முதல் பிள்ளை அந்தக் கல்லுக்கு நேர் கீழே நின்றாள்.

"டீச்சர், பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க."

"என்னாச்சு செல்வி?"

"அப்புறம் சொல்றேன் டீச்சர். மொதல்ல கூட்டிட்டுப் போங்க."

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'வீட்டு பிளான் போட்டே காலத்தை ஓட்டிவிட்டீர்களே, உங்கள் தொழிலில் பயம் என்று ஒன்று வந்ததுண்டா' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வந்ததுண்டு ஐயா. அந்த ஏணியில் நின்றபோது வந்தது.

முதலில் யாருக்குப் போன் போட்டோம்

அதற்கு இரண்டு நாள் முன்னால், காலை நேரம். அருப்புக்கோட்டையில் என் ஆபீசில் யாரோ ஒருவருடைய மாடிப்படியை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் இருந்த டீ கிளாஸ் கடகடவென்று ஆடியது. சுவரில் காலண்டர் ஊஞ்சல் ஆடியது. நாலைந்து விநாடி இருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தில் தரை அதிர்ந்தால் யாருக்கும் நிலநடுக்கம் நினைவுக்கு வராது. பட்டாசு ஆலைதான் நினைவுக்கு வரும். தெருவில் எல்லோரும் போனை எடுத்து, அங்கே வேலை செய்யும் அக்கா, தங்கை, மருமகள் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் 'அப்ப ஆடுனது என்ன?' என்ற கேள்வியே வந்தது. எங்கே மையம், எவ்வளவு என்று அன்று முழுக்க ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

மத்தியானம் ஜெயராணி டீச்சர் போன் செய்தார். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். இப்போது அதே பள்ளிக்குத் தலைமையாசிரியர். திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறங்கி, உள்ளே ஒரு மைல் நடக்க வேண்டிய ஊர் அது.

"செல்வி, முகப்புல இருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கெடக்கு. ஒரு மொறம் இருக்கும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?"

வேறு யாராக இருந்தாலும் ஆயாவைக் கூப்பிட்டு, கூட்டி அள்ளச் சொல்லியிருப்பார்கள். டீச்சர் அதைக் கூட்டவிடாமல் அப்படியே போட்டுவைத்து என்னைக் கூப்பிட்டார். இந்தக் கட்டுரையில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் அவர்தான்.

கடைசி சீட்டு

பழைய கட்டடம் என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தின் சுவர் இரண்டரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். அன்றைக்கு வந்த மாதிரி ஆட்டம் நாலு வந்தாலும் அந்தச் சுவர் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆபத்து சுவரில் இல்லை. சுவரின் மேல் நாம் நிறுத்தி வைத்தது, ஒட்டி வைத்தது, தொங்கவிட்டது, இவற்றில்தான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர், சுதைப் பொம்மை, பெயர்ப் பலகை, பரண், பிடிமானம் இல்லாத பீரோ. கட்டடத்தைத் தாங்குகிற வேலை இவற்றுக்கு இல்லை. அதனால் இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை. பூமி லேசாக ஆடினாலும் முதலில் விழுவது இவைதான். கட்டடம் அப்படியே நிற்கும், அதன் அடியில் நின்ற ஆள்தான் இருக்க மாட்டார்.

உயரத்தில் இருந்தால் இன்னும் மோசம். திருச்சுழி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? டிரைவருக்குத் தெரியாத பள்ளமெல்லாம் நம் மண்டைக்குத் தெரியும். அதே பஸ்தான், அதே ரோடுதான். கட்டடத்தின் உச்சியும் அப்படித்தான். தரையில் டீ கிளாஸை ஆட்டின ஆட்டம் மேலே போகப் போகப் பெரிதாகும்.

அந்தப் பள்ளியின் முகப்பு, மொட்டைமாடிக்கு மேலே ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பின்னால் முட்டுக் கிடையாது. உச்சியில் இரண்டு சுதை மயில்கள். அதோடு விட்டிருந்தால்கூட இன்னும் கொஞ்ச காலம் சும்மா நின்றிருக்கும். நாங்கள் விட்டோமா?

உபயம்

எங்கள் பக்கத்து ஆட்கள் நன்றி மறக்க மாட்டார்கள். மறக்காமல் இருப்பதற்குக் கல்லும் வெட்டுவார்கள்.

அந்தப் பள்ளிக்கு மின்விசிறி கொடுத்தவர் அதன் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதிக் கொடுத்தார். அது ஓடும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால் படிக்கலாம். பீரோ கொடுத்தவர் பெயர் பீரோவில், மணி கொடுத்தவர் பெயர் மணியில். வகுப்பறை கட்ட உதவியவர்களுக்கும் பெரிய நன்கொடைகளுக்கும் கல். முதலில் வந்த கற்கள் வாசலுக்கு இரண்டு பக்கமும் போயின. இடம் நிறைந்தது. இனி எங்கே வைப்பது? கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பெயரில் கால் படக்கூடாது அல்லவா? ஆகவே கற்கள் மேலே ஏறத் தொடங்கின. வளைவைத் தாண்டி, தளத்தைத் தாண்டி, முகப்புச் சுவர் முழுக்கப் பரவின. நான் எண்ணியபோது இருபத்து மூன்று.

ஒவ்வொரு கல்லையும் கொடுத்தவர் தன் ஆளை வைத்துப் பதித்துக்கொண்டார். இங்கேதான் தப்பு நடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். வெள்ளையின் மேல் வெள்ளையாக, தோசை கனத்துக்குப் படை ஏறியிருந்தது. கல் பதிக்க வந்தவர்கள் அந்தப் படையைச் சுரண்டவில்லை. நாலு உருண்டை சிமெண்டை வைத்து, அதன் மேலேயே அப்பிவிட்டுப் போனார்கள். அதாவது, கல்லைச் சுவர் பிடித்திருக்கவில்லை. பழைய பொங்கல்களின் சுண்ணாம்புதான் பிடித்திருந்தது.

இதில் யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஏனென்றால் என் அப்பாவின் கல்லைப் பதித்த அன்று நானும் அங்கே நின்று கைதட்டினேன். அப்போது நான் சிவில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நடை

அப்பா சின்ன வயதில் மற்றவர்கள் காட்டில் கூலி வேலை செய்தவர். பிறகு டிரைவிங் கற்று, பழைய டிராக்டரும் தண்ணீர் டேங்கரும் வைத்துக்கொண்டார். கல்யாண வீடு, கட்டட வேலை என்று எங்கே தண்ணீர் வேண்டுமானாலும் சோணைமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எப்போதும் தண்ணீர் வேண்டும்.

ஒரு கோடையில் பள்ளிக்கூடத்து போர்வெல் வெறும் காற்றை இழுத்தது. பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, சமைக்கத் தண்ணீர் இல்லை. அப்பா பாலவனத்தம் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து தினமும் டேங்கரின் முதல் நடைத் தண்ணீரைப் பள்ளிக்கு அடித்தார். மழை விழும்வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"எம்புள்ள குடிச்ச எடம்லே அது" என்று மட்டும் கிளீனரிடம் சொன்னாராம்.

அப்போதிருந்த தாளாளர் அந்த வருஷமே அப்பா பெயரில் கல் வைத்தார். முகப்பில் அதுவரை இருந்ததெல்லாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பெயர்கள். 'வண்டிக்காரன் பேரெல்லாம் மேல ஏறுது' என்று சிலர் முனகினார்கள். தாளாளர் காதில் வாங்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே இடம் நட்டநடு இடம், அதனால் அப்பாவின் கல் நடுவில் போய் உட்கார்ந்தது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எதிர் டீக்கடையில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எது என் பேரு, தாயி?" என்று கேட்டார். காட்டினேன். அதற்குப் பிறகு அந்த வழியாக வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம், பள்ளிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து ஒரு தடவை மேலே பார்ப்பார். டிராக்டரில் உடன் வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது.

நான் ஏணியில் நின்று ஆட்டிப் பார்த்தது இந்தக் கல்லை.

கமிட்டி

அன்று சாயங்காலமே பள்ளிக் கமிட்டியைக் கூட்டினார் டீச்சர். இருபத்து மூன்று கல்லையும் இறக்க வேண்டும், முகப்பின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கிறவரை ராமசுப்பு அய்யா பொறுமையாகக் கேட்டார். ஊரில் பெரிய சம்சாரி, நிலபுலம் நிறைய உள்ளவர். அவர் பேத்தி ஒன்றாம் வகுப்பு.

"கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைச்ச சுண்ணாம்பும்மா. எங்க தாத்தா காலத்துல கட்டுனது. இது விழுகும்ங்கிறியா?"

"கட்டடம் விழுகாதுய்யா. அது மேல நாம ஒட்டி வச்சதுதான் விழுகும்."

"எங்க ஆத்தா பேரு அங்ஙன இருக்கு. அவுக செத்த வருசம் வச்ச கல்லு. அதை எறக்கி எங்க வைப்ப? ஸ்டோர் ரூமுல சாத்தி வைப்பியா?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. குரல் கம்மியிருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"உங்கப்பன் கல்லு நட்டநடுவுல இருக்கு. மொதல்ல அதை எறக்கு தாயி. பெறகு எங்க ஆத்தா கல்லப் பத்திப் பேசுவோம்."

"சரிய்யா. நாளைக்கே எறக்குறேன்" என்றேன்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். படித்த திமிர்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாதித் தட்டில் கையைக் கழுவினார்.

"என் கல்லத் தொடாத."

"அப்பா, அது ஆடுது. நானே ஆட்டிப் பாத்தேன்."

"எத்தன காத்து அடிச்சிருக்கு, எத்தன மழை பேஞ்சிருக்கு. அப்பல்லாம் ஆடலயா?"

"பிள்ளைக கீழ நிக்கிதுகப்பா."

"அப்ப எல்லாக் கல்லையும் எறக்கு. மொதல்ல அவுக கல்ல எறக்கு. எதுனாலும் மொதல்ல நம்மளத்தான எறங்கச் சொல்லுவாக? கடைசியா ஏறுனவன் நான். மொதல்ல எறங்குறவனும் நானா?"

அம்மா என்னைப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினாள். பூமி எப்படி ஆடும், சுவர் எப்படிச் சாயும் என்று படித்திருந்தேன். அவர் கேட்டதற்கான பதில் எந்தப் பாடத்திலும் இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை அழுதேன். அவர் சொன்னது உண்மை என்பதுதான் அழுகைக்குக் காரணம்.

முள்

ஜெயராணி டீச்சர் யார் சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே கருவேல முள்ளை வெட்டிவரச் சொல்லி, முகப்புக்குக் கீழே வாசலை முழுக்க அடைத்துவிட்டார். பிள்ளைகள் பக்கத்துக் கேட் வழியாக வந்தார்கள். பிரேயர் பின்பக்கம் நடந்தது.

நான் கொத்தனார் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வீரசோழன் என்கிற ஊர்க்காரர். பழைய சுண்ணாம்புக் கட்டடம் என்றால் தட்டிப் பார்த்தே உள்ளே பொள்ளலா இல்லையா என்று சொல்லிவிடுவார். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு வந்தவர், "தங்கச்சி, பாதிச் சுவரு வெறுங்கூடா இருக்கு" என்றார்.

அப்போது டேங்கர் சத்தம் கேட்டது. நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா இறங்கி வந்தார். கையில் முள் தள்ளுகிற கவைக்கம்பு ஒன்று.

"என் பேருக்குக் கீழ முள்ளப் போட்டு அடைச்சது ஆரு?"

"நான்தாண்ணே" என்றார் டீச்சர். "பிள்ளைக நிக்கிற எடம். எனக்குத் தூக்கம் வரல."

டீச்சரை எதிர்த்து அப்பா ஒரு நாளும் பேசியதில்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டீக. ஏணி இருக்கு. நீங்களே ஏறிப் பாருங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு எழுபது வயது என்பது உறைத்தது. காதர் பாய் "வயசானவுக, வேணாம் தங்கச்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். காதர் பாயின் ஆட்கள் முள்ளை ஒரு ஆள் அகலத்துக்கு விலக்கி, ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே போனதும் அவர் கல்லை ஆட்டவில்லை. முதலில் எழுத்துகளைத் தடவினார். வைத்த நாளிலிருந்து அவர் அதை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார், தொட்டதில்லை. கடைசி எழுத்துவரைக்கும் விரல் போயிற்று. பிறகு ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தார்.

கீழேயிருந்து எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது விறைத்தது. மறு நொடி இரண்டு உள்ளங்கையாலும் கல்லைச் சுவரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஆரும் கீழ வராதீக! டீச்சர், பிள்ளைகள உள்ள விட்டு அடைங்க!"

"அப்பா, எறங்கி வாங்க."

"கைய எடுத்தா விழுந்துரும் தாயி!"

"இவ்வளவு நாள் உங்க கையா பிடிச்சிருந்துச்சு? எறங்கி வாங்கப்பா."

"மாட்டேன். பிள்ளைக உள்ள போயிருச்சா, பாரு."

இறங்கவே இல்லை. அமுக்கிக்கொண்டே நின்றார். காதர் பாய் இன்னொரு ஏணியைப் போட்டு மேலே ஏறி, "நான் பிடிச்சுக்கிட்டேன் மாமா, பயப்படாதீக" என்று அவர் கைக்கு மேல் கை வைத்த பிறகுதான் ஒரு கையை எடுத்தார். உளியால் இரண்டே தட்டு. கல் கையோடு வந்துவிட்டது. கயிறு கட்டி இறக்கினோம்.

கல்லின் பின்பக்கம் சுண்ணாம்புப் படை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை. சுவரில் எதுவும் இல்லை.

அப்பா இறங்கி, ஏணிக்குப் பக்கத்திலிருந்து தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"இத்தன வருசமா பிள்ளைக தலைக்கு மேல என் பேரத் தொங்க விட்டுட்டு, அத வண்டிய மெதுவா விட்டுப் பெருமையாப் பாத்துட்டுப் போயிருக்கேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேண்ணே" என்றார் டீச்சர்.

"ஆமா. ஒண்ணும் ஆகல" என்றார் அப்பா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எந்தச் சாமி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு நாள் விழாமல் நின்றதற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் ராமசுப்பு அய்யா வந்தார். அப்பாவின் கல்லைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். பின்பக்கப் படையைக் கட்டைவிரலால் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது. அவர் பேத்தி வகுப்பு ஜன்னல் வழியாக "தாத்தா" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஆத்தா கல்லையும் எறக்கிருங்க பாய். பதனமா."

இறக்கியது

லீவு நாளாகப் பார்த்து, கீழே இரண்டு லோடு மணலைப் பரப்பிவிட்டு எல்லாக் கல்லையும் இறக்கினோம். பாதிக்கு மேல் சிரமமே இல்லாமல் வந்தன. ஒன்று மட்டும் வரும்போது செங்கல்லோடு பெரிய துண்டாகப் பெயர்ந்து கயிற்றையும் மீறி விழுந்தது. மணலில் பாதிவரை புதைந்தது. முதல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.

முகப்பின் உயரத்தை இடுப்பளவுக்குக் குறைத்து, இரும்புப் பட்டை கொடுத்துத் தளத்தோடு பிடித்துக் கட்டினார் காதர் பாய். சுண்ணாம்பை அவரே நின்று அரைத்தார். மயில்களை நான் இறக்கிவிடச் சொன்னேன். "பாவம், அதுகளும் இருக்கட்டும்" என்று உள்ளே கம்பி நுழைத்து, கழுத்தும் காலும் அசையாதபடி கட்டிவைத்தார். இன்றைக்கும் இருக்கின்றன. அந்த மனுஷரின் கைக்கும் என் நன்றி.

கற்களுக்கு விளையாட்டு மைதானத்தின் ஓரமாக, முழங்கால் உயரத்தில் தனி அஸ்திவாரம் போட்டு ஒரு குட்டைச் சுவர் கட்டினோம். விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. ராமசுப்பு அய்யா தன் ஆத்தா கல்லைத் தானே பிடித்து வைத்தார்.

அப்பாவின் கல்லுக்கும் நடுவில் இடம் விட்டிருந்தோம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

குழாயடி

"பிள்ளைக தண்ணி பிடிக்கிற எடத்துல ஒரே சகதியா இருக்கு. நேத்துகூட ஒண்ணு வழுக்கி விழுந்துச்சு. என் கல்ல அங்ஙன தரையில போட்டுருங்க."

எல்லோருடைய பெயரும் சுவரில் இருக்க, இவர் பெயர் மட்டும் காலடியிலா? இதற்காகவா அவ்வளவு சண்டை போட்டார்? வேண்டாம் என்று கத்தினேன். டீச்சரும் சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளைக காலுதான? மிதிக்கட்டும்" என்றார் அப்பா.

"அப்ப எழுத்தக் கவுத்துப் போட்டுரவா மாமா?" என்று காதர் பாய் கேட்டார்.

அப்பா யோசித்தார். "வேணாம். எழுத்து மேல இருந்தாத்தான் காலுக்குப் பிடிமானம். வழுக்காது."

பாலிஷ் போட்ட பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் சொரசொரப்பு என்பது கொத்து வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். காதர் பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி உளியால் பொடிப்பொடியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கி, எழுத்து மேலே தெரியும்படி பதித்துக் கொடுத்தார்.

சிமெண்ட் இறுகிய பிறகு ஒரு நாள், மத்தியான மணி அடிக்கும் நேரத்துக்கு அப்பாவும் நானும் போய் ஓரமாக நின்றோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டம்ளரோடு ஓடி வந்தார்கள். முன்னால் வந்த பெண் கல்லைப் பார்த்ததும் நின்றாள். குனிந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"சோ... ணை... மு... த்... து. சோணைமுத்து!"

அப்பா என் கையைப் பிடித்தார். பதினெட்டு அடி உயரத்தில் இருந்தபோது அவர் பெயரை யாரும் வாய்விட்டு வாசித்து அவர் கேட்டதில்லை.

"ஏ, மிதிக்காத! தண்ணித் தாத்தா பேருடி" என்றாள் அவள், பின்னால் வந்தவளை இழுத்து. கல்லின் விளிம்பில் பட்டிருந்த தன் காலை எடுத்துவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவளும் ஒற்றிக்கொண்டாள். ஒருவரைப் பார்த்து ஒருவராக, அத்தனை பிள்ளைகளும் கல்லைச் சுற்றிக்கொண்டு சகதிக்குள் இறங்கி நின்று தண்ணீர் பிடித்தார்கள். ஒருவன் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தான்.

"ஏலே, ஏறி நில்லுங்கலே! மிதிக்கத்தான போட்டுருக்கு. கல்லு மேல ஏறுங்க, விழுந்துராதீக!" என்று சத்தம் போட்டார் அப்பா.

பிள்ளைகள் மாட்டேன் என்று தலையாட்டினார்கள். டீச்சர் சொல்லியும் கேட்கவில்லை. பெயரில் கால் படக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அப்பா என் கையை விட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நேராக நடந்து போய், தன் பெயரின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றுகொண்டு, குழாயைத் திறந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா தாயி. டம்ளரக் கொடு. பெறகு நீ ஏறி நின்னு பிடி."